தோள் கொடுப்பதா, தூக்கிச் சுமப்பதா?

வாசகர் கேள்வி – பதில்

பணியிடத்தில் இளையவர்களை வழிநடத்துவது பற்றி அண்மையில் வந்த கடிதங்கள் பலவும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்ததால், இம்முறை அவற்றிலிருந்து ஆறு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரையும் நிறுவனத்தையும் தவிர்த்திருக்கிறேன். அவர்களிடம் பணிபுரிபவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும் அல்லவா?

கேள்வி: சில மாதங்களுக்கு முன் குழுத் தலைவியாகப் பொறுப்பேற்றேன். என் குழுவில் இருக்கும் ஆறு பேரும் என்னைவிட அனுபவம் குறைந்தவர்கள். அவர்கள் தயாரிக்கும் அறிக்கைகளில் பிழை இருந்தால், திருப்பி அனுப்பி அவர்களை நோகடிக்க மனம் வராமல், இரவு நானே உட்கார்ந்து திருத்தி மேலிடத்துக்கு அனுப்பிவிடுகிறேன். எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இன்றுவரை அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்கோ தூக்கமே போய்விட்டது. மனிதர்களை முன்னிறுத்தும் தலைமை என்பது இதுதானா?

பதில்: இல்லை. உங்கள் நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் நீங்கள் முன்னிறுத்துவது அறிக்கையை. அது பிழையின்றி மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதை எழுதியவரோ, தாம் எழுதியதில் எது தவறு என்பதே தெரியாமல் அடுத்த அறிக்கையைத் தொடங்கிவிடுகிறார். பிழை என்று ஒன்று இருந்ததே அவர் காதுக்கு எட்டாதபோது, அது திரும்ப வருவதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிறருக்குத் தொண்டு செய்பவரே தலைவர் என்று இன்று பலரும் பேசும் கருத்தை 1970ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வழியாக முன்வைத்தவர் ராபர்ட் கிரீன்லீஃப். அதற்கு முன் அவர் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றியவர். ஆகவே அவரை ஏட்டுச்சுரைக்காய் என்று ஒதுக்கிவிட முடியாது. தலைமையை உரசிப் பார்க்க அவர் வைத்த உரைகல் கடுமையானது: தலைவரால் பேணப்படுபவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா, முன்னைவிட அறிவும் சுதந்திரமும் தற்சார்பும் உடையவர்களாக ஆகிறார்களா என்று அவர் கேட்டார். அவர்கள் உங்களிடம் அன்பாக இருக்கிறார்களா என்பது அந்தக் கேள்வியில் இடம்பெறவே இல்லை. உங்கள் குழுவை அந்த உரைகல்லில் வைத்துப் பாருங்கள்: நீங்கள் ஒரு வாரம் விடுப்பில் போனால் அறிக்கை எப்படிப் போகும்?

உதவி என்பது ஆளுக்கு ஆள் மாற வேண்டியது என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வது உங்களுக்குப் பயன்படும். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்தி ஒரு பிரமிடு வடிவத்தைக் கட்டுவதற்குப் பெரியவர் ஒருவர் எவ்வாறு துணை நிற்கிறார் என்று கவனித்தார்கள். மிகச் சிறியவர்களைச் செய்துகாட்டித்தான் வேலைக்குள் இழுக்க வேண்டியிருந்தது. அடுத்த வயதினருக்குத் தவறிய இடத்தைச் சுட்டிக்காட்டத் தேவை இருந்தது. மூத்த குழந்தைகளுக்கோ, செய்து முடித்தது சரிதானா என்று உறுதிப்படுத்துவதற்கு ஒருவர் இருந்தால் போதுமானதாக இருந்தது. கட்டடம் எழ எழச் சாரத்தைப் பிரிப்பதுபோல, திறன் வளர வளர உதவி விலகிக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் சொன்னதன் சாராம்சம். உங்கள் ஆறு பேரில் இருவருக்குச் செய்துகாட்டுதல் தேவைப்படலாம், மூவருக்குச் சுட்டிக்காட்டுதல் போதும், ஒருவருக்கு நீங்கள் இப்போதே குறுக்கே நின்றுகொண்டும் இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே இரவுத் திருத்தத்தை வழங்குவதால் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை அறியும் வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது.

அடுத்த அறிக்கை வரும்போது எழுதியவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். மூன்றாம் பத்தியில் விற்பனை 12 சதவீதம் கூடியதாக எழுதியிருக்கிறார், பின்னிணைப்பு அட்டவணையிலோ 10 சதவீதம்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "இந்தப் பத்தியையும் அட்டவணையையும் சேர்த்துப் படிக்கும் இயக்குநர் எந்த எண்ணை நம்புவார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும். கை தன்னையறியாமல் விசைப்பலகைக்குப் போகும். போகவிடாதீர்கள். அவரே கோப்புகளைத் திறந்து பார்த்து, முந்தைய காலாண்டின் தாளிலிருந்து எண்ணை எடுத்துவிட்டதைக் கண்டுபிடிப்பார். "இனி இது நேராமலிருக்க நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. அவர் சொல்லும் வழி உங்கள் வழியைவிடச் சுமாராக இருந்தாலும், அவருடைய வழியாக இருப்பதால் அதை அவர் பின்பற்றுவார்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு இப்போது ஆவதைவிடக் கூடுதல் நேரம் ஆகும் என்பதை மறைக்க மாட்டேன். அதனால் உங்கள் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி, அவசரமில்லாத அறிக்கைகளிலிருந்து தொடங்குங்கள். இன்னொன்று: இதுவரை இரவில் திருத்தி அனுப்பியதைக் குழுவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். தம் எழுத்து அப்படியே ஏற்கப்பட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது சிறிது வலிக்கும். ஆனால் நாளைக்கு நீங்கள் திடீரென்று பிழைகளைச் சுட்டத் தொடங்கும்போது, 'இவருக்கு நம்மைப் பிடிக்காமல் போய்விட்டது' என்ற தவறான முடிவுக்கு அவர்கள் வராமலிருப்பார்கள்.

கேள்வி: என் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. எதுவானாலும் தயங்காமல் வந்து சொல்லுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். இருந்தும், சிக்கல் முற்றி வெடித்த பிறகுதான் எனக்குச் செய்தி வருகிறது. வேறு என்னதான் செய்வது?

பதில்: கதவைத் திறந்து வைப்பது எளிது, அதைத் தாண்டி வரவேண்டியவர் அவர்தான், அச்சமும் அவருடையதுதான். கடைசியாக உங்களிடம் கெட்ட செய்தியோடு வந்தவருக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் திட்டியிருக்க மாட்டீர்கள். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு அது கேள்வி. அவருக்கு அது தீர்ப்பு. அதை அன்று மாலைக்குள் குழு முழுவதும் அறிந்திருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து வழங்கும்போது நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. கைக்கு வந்த கணக்கோ தலைகீழாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். துருவிப் பார்த்தபோது, அந்தக் குழுக்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, நேர்ந்த தவறுகளை ஒளிக்காமல் பேசியிருக்கக்கூடும் என்ற விளக்கம் கிடைத்தது. பேசினால் தண்டனையோ ஏளனமோ வராது என்ற அந்தப் பொதுவான நம்பிக்கையை உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் 1999இல் அவர் விரிவாக எழுதினார். ஆகவே உங்களிடம் வரும் புகார்ப் பட்டியல் சிறியதாக இருப்பதைக் கண்டு மகிழ வேண்டாம் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

சதீஷ் தவான் – அப்துல் கலாம் நிகழ்ச்சியை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லியே அதைத் தேய்த்துவிட்டோம். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி–3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தபோது, இஸ்ரோவின் தலைவரான தவான் தாமே செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே திட்டம் வெற்றி பெற்றபோது, திட்ட இயக்குநரான கலாமைச் செய்தியாளர்களிடம் அனுப்பினார். பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாக இது மேடைகளில் சொல்லப்படுகிறது. இடைப்பட்ட பதினொரு மாதங்களைத்தான் யாரும் பேசுவதில்லை. தோல்விக்குக் காரணமான வால்வுக் கோளாறு ஆராய்ந்து கண்டறியப்பட்டது. கலாமும் அதே பொறுப்பில் தொடர்ந்தார். வெளியே பழியைத் தாம் ஏற்றுக்கொண்டதால்தான் உள்ளே காரணத்தை அச்சமின்றித் தேட முடிந்தது என்று நான் கருதுகிறேன். தவறை மூடி மறைப்பதும் தவறு செய்தவரைக் காப்பதும் ஒன்று என்று எண்ணும் மேலாளர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும்.

நடைமுறையில், இனி "ஏதாவது சிக்கல் உண்டா?" என்று கேட்காதீர்கள், 'இல்லை' என்பதே அதற்கு எளிதான விடை. "இந்த வாரம் உங்களை எது தாமதப்படுத்தியது?" என்று கேளுங்கள். முதல் கெட்ட செய்தி வந்தவுடன், "சொன்னதற்கு நன்றி, இப்போது என்ன செய்யலாம்?" என்று தொடங்குங்கள். 'ஏன்' என்பதை இரண்டு நாள் கழித்துக் கேட்டாலும் குடி முழுகிப் போய்விடாது.

கேள்வி: என் நேரடி மேலாளரே எனக்கு வழிகாட்டியாகவும் இருக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். வழிகாட்டுதல் உறவுகளை 1980களில் விரிவாக ஆராய்ந்த கேத்தி கிராம், அவற்றில் இரண்டு வகைத் துணை இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். தொழிலில் மேலே வருவதற்கான துணை ஒன்று: சவாலான பணி தருவது, பெரியவர்கள் கண்ணில் படச்செய்வது, தேவையற்ற அடி விழாமல் காப்பது. இரண்டாவது, மனத்துக்கான துணை: முன்மாதிரியாக இருப்பது, ஏற்றுக்கொள்வது, குழப்பத்தைக் காது கொடுத்துக் கேட்பது. முதலாவதை உங்கள் மேலாளரைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் அரிது. இரண்டாவதற்கு, உங்கள் ஊதிய உயர்வு யார் கையில் இல்லையோ அவரைத் தேடுங்கள். 'இந்த வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்' என்ற வாக்கியத்தை மேலாளரிடம் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

கேள்வி: என் குழுவில் ஒருவர் மிக நல்ல மனிதர்; ஆனால் வேலையில் தொடர்ந்து பின்தங்குகிறார். அவர் விட்டுவைப்பதை மற்றவர்கள் முணுமுணுப்புடன் செய்து முடிக்கிறார்கள். மனிதரை முன்னிறுத்த வேண்டும் என்று நம்புகிற நான், அவரை எப்படி வெளியே அனுப்புவேன்? வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவரிடம் இதை நேரடியாகச் சொன்னதாக ஒரு வரிகூட அதில் இல்லை. "கொஞ்சம் கவனமாக இருங்கள்", "இன்னும் நன்றாகச் செய்யலாமே" என்று சொல்லியிருப்பீர்கள். அவை காற்றோடு போகும் சொற்கள். கேட்பவர் அவற்றைப் பொதுவான அறிவுரையாக எடுத்துக்கொண்டு தலையாட்டுவார். சொன்னவர் எச்சரித்துவிட்டதாக நிம்மதி அடைவார்.

தனியறையில், நேரம் ஒதுக்கி, நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்: "கடந்த மாதம் நான்கு வாடிக்கையாளர்களுக்கு நாம் ஒப்புக்கொண்ட நாளுக்குள் உங்களிடமிருந்து பதில் போகவில்லை. அவற்றில் இரண்டை உங்கள் அருகில் இருப்பவர் தம் வேலையை நிறுத்திவிட்டு முடித்தார். இது இப்படியே தொடர முடியாது. என்ன நடக்கிறது என்று உங்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்." இதில் வசை எதுவும் இல்லை, அவர் குணத்தைப் பற்றிய தீர்ப்பும் இல்லை, ஆனால் தப்பித்துக்கொள்ளவும் இடமில்லை. அதன் பிறகு, அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.

அப்போதுதான் காரணம் வெளிவரும். என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதே அவருக்குத் தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் செய்யும் திறன் இல்லாதிருக்கலாம். திறன் இருந்தும் அந்த வேலை அவர் இயல்புக்கு ஒட்டாததாக இருக்கலாம். வீட்டில் யாரேனும் நோயுற்றிருக்க, அவர் உடல் மட்டும் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருக்கலாம். முதலாவதற்கு ஒரு தாளில் எழுதிய தெளிவான எதிர்பார்ப்பு போதும், இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும், மூன்றாவதற்கு இடமாற்றம், நான்காவதற்குத் தற்காலிகமாகச் சுமையைக் குறைப்பது. காரணம் தெரியாமல் கொடுக்கப்படும் பயிற்சி வகுப்பு யாருக்கும் பயன்பட்டதில்லை.

எதை, எந்த நாளுக்குள், எந்த அளவுக்கு மாற்ற வேண்டும் என்பதை இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டு, வாரந்தோறும் அமர்ந்து பாருங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் பிரிவதுதான் நேர்மை. உங்கள் நிறுவனத்தின் விதிகளும் நாட்டின் தொழிலாளர் சட்டமும் கேட்கும் முறைமைகளை ஒன்றுவிடாமல் பின்பற்றுங்கள். முடிவை நீங்களே நேரில் சொல்லுங்கள். அடுத்த வேலை தேட அவருக்குக் காலம் கொடுங்கள். அவர் எதில் உண்மையிலேயே திறமையானவர் என்பதைச் சான்றுக் கடிதத்தில் மிகையின்றி எழுதுங்கள். முடிவு அவருக்கு இடியாக இறங்கினால், இடைப்பட்ட வாரங்களில் நீங்கள் உண்மையைப் பேசவில்லை என்று பொருள். முணுமுணுத்துக்கொண்டு அவர் வேலையையும் சேர்த்துச் செய்பவர்களும் மனிதர்கள்தாம் என்பதை நீங்கள் மறந்துவிடவில்லை என்று நம்புகிறேன். ஒருவரிடம் பேசத் தயங்கும் மேலாளர், அந்தத் தயக்கத்தின் விலையை மற்றவர்களிடம்தான் வசூலிக்கிறார்.

கேள்வி: நான் கைபிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்த இளைஞர் இன்று எனக்கு இணையான பதவியில் இருக்கிறார். விரைவில் என்னைத் தாண்டியும் போவார். வெளியே வாழ்த்துகிறேன், உள்ளே புகைகிறது. இந்த வயதில் இப்படியொரு சிறுமையா என்று வெட்கமாகவும் இருக்கிறது.

பதில்: வெட்கப்படத் தேவையில்லை, உங்களைவிடப் பெரியவர்களும் புகைந்திருக்கிறார்கள். புத்தகம் கட்டும் தொழில் பழகிக்கொண்டிருந்த மைக்கேல் ஃபாரடே, 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் உரைகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டே டேவி அவரை ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பியப் பயணத்துக்கும் உடன் அழைத்துச் சென்றார். பள்ளிப் படிப்பே சரியாக இல்லாத ஓர் இளைஞருக்கு அறிவியல் உலகின் கதவைத் திறந்துவிட்டவர் அவர். அதே டேவிதான், ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தபோது, ஃபாரடே அதன் உறுப்பினராவதை எதிர்த்தார். எதிர்ப்பையும் மீறி 1824இல் ஃபாரடே தேர்வானார்.

டேவியின் மனத்தில் எழுந்தது இயல்பானது. அதை அவர் செயலாக்கியதுதான் பிழை. உள்ளுக்குள் என்ன தோன்றுகிறது என்பதை நாம் ஆள முடியாது. பதவி உயர்வுக் கூட்டத்தில் அந்த இளைஞரின் பெயர் வரும்போது என்ன பேசுகிறோம் என்பதை ஆளலாம். அவ்வளவு போதும். வழிகாட்டும் உறவு தொடங்கி, செழித்து, பிரிந்து, பின்பு வேறொரு உறவாக மாறுகிறது என்று மேலே குறிப்பிட்ட கிராம் 1983இல் எழுதினார். நீங்கள் இப்போது நிற்பது மூன்றாவது கட்டத்தில். நான்காவதுக்குப் போவதற்கு ஒரு நேர்வழி உண்டு: அவர் கேட்காத ஆலோசனைகளை நிறுத்திக்கொண்டு, அவர் உங்களைவிட நன்றாக அறிந்த ஏதேனும் ஒன்றில் அவரிடம் உண்மையாகவே ஆலோசனை கேளுங்கள். மரியாதைக்காகக் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் தலைகாட்டுகிறது. அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கடன் கொடுத்தவராக உங்களைக் கருதிக்கொள்ளும்வரை, அவர் செய்யும் எதுவும் வட்டிக்கும் காணாது.

கேள்வி: எனக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்று விரும்புகிறேன். நான் மதிக்கும் மூத்தவர் ஒருவரிடம் இதை எப்படிக் கேட்பது?

பதில்: "எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?" என்று கேட்காதீர்கள். எவ்வளவு காலத்துக்கு, எதற்காக என்று தெரியாத ஒரு பொறுப்பை ஏற்க யாரும் தயங்குவார்கள். உங்களை உண்மையாகவே திணறவைக்கும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, நீங்கள் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் சொல்லி, அதுபற்றிப் பேச அரை மணி நேரம் கேளுங்கள். பெரும்பாலான மூத்தவர்கள் மறுக்க மாட்டார்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்த பின், என்ன ஆயிற்று என்று நான்கு வரியில் எழுதியனுப்புங்கள். அது பலிக்கவில்லை என்றாலும், அதைச் செய்ய வேண்டாமென்று நீங்கள் முடிவெடுத்திருந்தாலும், காரணத்தோடு எழுதுங்கள். ஆலோசனை கேட்பவர்களில் மிகப் பலர் அதன் பிறகு காணாமல் போய்விடுகிறார்கள். நான்கு வரி எழுதியவருக்கு இரண்டாவது சந்திப்பைக் கேட்பதில் சங்கடமே இருக்காது.